ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வண்டி

மழை மாதங்கள் முடிந்து மார்ச் பிறந்துவிட்டால் மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் குகனின் மோட்டார் சைக்கிள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஜெராமிலிருந்து பாகான் நக்கோடா ஓமார் வரை கடலோரமாகப் போகும் வருடத்தின் முதல் பயணத்துக்கு எல்லோருக்கும் வண்டி தயாராக வேண்டும். இந்த வருடம் ஒன்பது வண்டிகள் வந்து நின்றன. ஒன்பதையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, மூன்று வாரமாக அகிலனின் வண்டிக்கு முன்னாலேயே குந்தியிருந்தான் குகன்.

அந்தப் பயணக் கூட்டத்துக்குப் பதினோரு வருடமாக முதல் வண்டியில் முன்னால் போனவர் அகிலன். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் போன வருடம் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது வலது பாதத்திலும் ஆறாத புண். வரும் புதன்கிழமை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். பாதத்தோடு நிற்குமா, அதற்கு மேலும் போகுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். பயணம் அதற்கு முந்தைய ஞாயிறு.

"ஒரு தடவ லா," என்று கேட்டிருந்தார் அகிலன். "போயி மீன் சாப்பிட்டுட்டு வந்துடறேன். அப்புறம் எத வேணும்னாலும் வெட்டிக்கட்டும்."

"பின்னாடி உக்காருங்கண்ணே, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றான் கொர்னேலியஸ். அவனும் கூட்டத்தில் ஒருவன். சொந்தமாகச் சின்ன லோரி வைத்திருந்தான்.

"ஒன் பின்னாடியா? நான் என்னா, அரிசி மூட்டையா?"

அதனால்தான் இந்த வண்டி. பழைய நூறு சிசி ஹோண்டா. இரும்புக் குழாயை வளைத்து, பின்பக்கம் இரண்டு துணைச் சக்கரங்களைக் கட்டினான் குகன். இடது காலால் மாற்றும் கியருக்கு நீளமாக ஒரு தண்டு வைத்துக் கைக்குக் கொண்டுவந்தான். பின் பிரேக்கையும் கைக்கே மாற்றினான். வலது பாதம் எதிலும் இடிக்காமல் இருக்க ஒரு பலகை, அதன் மேல் தடித்த பஞ்சு. ஊனமுற்றோர் வண்டிக்கான அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பரிசோதனை நிலையத்தில் காட்டிச் சான்று வாங்கினால் போதும்.

வியாழன் மதியம் வேலை முடிந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் குகன் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. பயணத்துக்குப் போகும் எந்த வண்டியும் இஞ்சின் பளபளக்காமல் அங்கிருந்து இறங்காது. எப்போதும் அந்த வேலையைத்தான் முதலில் செய்வான். இஞ்சின் எண் பொறித்த இடத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டிய பிறகே மெருகு மெஷினைக் கையில் எடுப்பான். இந்த வண்டியில் எல்லாம் தலைகீழ். சக்கரம் முதலில், கியர் அடுத்து, மெருகு கடைசியில். பழைய சொந்தக்காரன் இஞ்சின் முழுக்கப் பட்டையாக வெள்ளிச் சாயம் பூசியிருந்தான். குகன் சாயத்தைத் தேய்த்தான். அடியில் சொரசொரப்பாக இருந்தது. அதையும் தேய்த்தான். ஞாயிற்றுக்கிழமை அகிலன் அண்ணன் முன்னால் போவதையே நினைத்துக்கொண்டு தேய்த்தான்.

"டேய், இதுல பாத்து ஷேவ் பண்ணலாம் போல," என்றான் கொர்னேலியஸ்.

வெள்ளிக்கிழமை காலை அவன் லோரியிலேயே வண்டியை ஏற்றிப் போனார்கள். பரிசோதனை அதிகாரி இளைஞர், மலாய்க்காரர். கை கியரை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். குகனுக்கு முகம் மலர்ந்தது. பிறகு அதிகாரி குனிந்து, வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் சுத்தமாகத் தாளில் எழுந்தது. அடுத்து இஞ்சின். தாள் முழுக்க ஒரே கறுப்பாக வந்தது. இன்னொரு தாள் எடுத்தார். அதுவும் அப்படியே.

"நம்பர் எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

குகன் பார்த்தான். நேற்று கையில் தட்டிய சொரசொரப்பு எது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"நான்தான். தெரியாம தேச்சிட்டேன்."

அதிகாரி தாள்களை மடித்தார். "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா இஞ்சின் திருடினவனும் இதத்தான் சொல்லுவான்." குரலில் கோபம் இல்லை. வண்டி அங்கேயே நிற்க வேண்டும், புகார் எழுத வேண்டும், விசாரணைக்கு மாதங்கள் ஆகும் என்றார். குகன் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னான். அகிலனின் காலைப் பற்றியும் சொன்னான். அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கொர்னேலியஸ்தான் பேசினான். "கிள்ளான்ல ஒருத்தன் இருக்கான் லா. நம்பர் அடிச்சுக் குடுப்பான்."

"எதுல அடிக்கிறது? வண்டியதான் வச்சிக்கிட்டாங்களே."

"அப்ப என் மோட்டார் சைக்கிள்ல சக்கரத்தக் கட்டு. நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல?"

"மூணு வாரம் ஆச்சுடா எனக்கு. அந்தச் சக்கரமும் அங்கதான் நிக்குது."

கொர்னேலியஸ் லோரியை ஜெராம் பக்கம் திருப்பினான்.

ஜெராமில் அகிலன் வீட்டு வாசலில் லோரி நின்றதும், கக்கத்தில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு அவரே வெளியே வந்தார். பின்தட்டை எட்டிப் பார்த்தார்.

"எங்கடா வண்டி? நேரா கடைக்கு அனுப்பிட்டியா?"

குகன் நின்றபடியே சொல்லி முடித்தான். சாயம், மெஷின், தாள் எல்லாம் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"பளபளன்னு பண்ணச் சொல்லி நான் கேட்டனா?"

"இல்லண்ணே."

"ஓட்டத்தானேடா கேட்டேன்."

அகிலனின் மனைவி திலகா உள்ளிருந்து வந்து, அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள். "விடுங்க. எப்படியும் மே, ஜூன்ல வண்டியக் குடுத்துடுவாங்கல்ல, தம்பி?"

"குடுத்துடுவாங்க அண்ணி."

அதற்குள் ஓட்டக் கால் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அகிலன் வலது பாதத்தின் கட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குகன் அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"திலகா," என்றார் அவர். "ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. புதனுக்கு முன்னாடி எடம் இருக்கான்னு கேளு."

"எதுக்குங்க இப்ப?"

"புதன் வரைக்கும் எதுக்கு? கேளு."

அவள் குகனைப் பார்த்தாள். பிறகு போன் போட்டாள். நிறைய நேரம் காத்திருந்தாள். யாரோ ஒருவர் வரவில்லையாம், திங்கட்கிழமை இடம் இருக்கிறதாம். ஆனால் முதல் நாளே வந்து படுத்துவிட வேண்டுமாம்.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்றாங்க," என்றாள் திலகா, போனைக் கையால் மூடிக்கொண்டு.

அகிலன் தலையாட்டினார்.

"சரி, வரோம்," என்று அவள் போனில் சொன்னாள். "காலையிலதானே? எத்தன மணிக்கு?"