சேரும், சேராது

கிளட்ச் மாஸ்டருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுவதற்குள் "கிளட்ச், கிளட்ச்!" என்று ஆரம்பிப்பவர், வண்டி திரும்பி வந்து பயிற்சிப் பள்ளி வாசலில் நிற்கும்வரை ஓயமாட்டார். கண்ணாடியைப் பாரு, லாரி வருது, வரட்டும், நீ ஏன் பதர்றே, சரி பதறு, ஆனா பிரேக்கை மிதிச்சுட்டுப் பதறு. லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆனவர்கள்கூட, சிக்னலில் நின்றால் அந்தக் குரல் காதில் விழுவதாகச் சொல்வார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே "இன்னிக்கு லேப்ல..." என்று வாயைத் திறந்தால், மீதி வாக்கியத்தை இவரே முடித்துவைப்பார். பெரும்பாலும் தப்பாக. அவளும் திருத்துவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாலு பேருமாக வெளியே கிளம்பலாம் என்று ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஜன்னலையே எவ்வளவு நேரம் பார்ப்பது? மச்சினி ஒரு சீட்டுக்கட்டை எடுத்துவந்து போட்டாள். அவள் மருந்துக்கடை வைத்திருப்பவள், கலகலப்பானவள். அவள் புருஷன், அதாவது மாஸ்டருடைய சகலை, ஏசி மெக்கானிக். சகலை நாளெல்லாம் பேசுகிற பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம், அதிலும் இடம் மிஞ்சும்.

"எங்க லேப்ல சாப்பாட்டு நேரத்துல ஒரு ஆட்டம் ஆடுவோம்" என்றாள் மனைவி. "நான் மனசுக்குள்ள ஒரு ரூல் வெச்சுக்குவேன். நீங்க ஒவ்வொருத்தரா சீட்டு வைக்கணும். ரூலுக்கு ஒத்துப்போனா 'சேரும்'னு சொல்லுவேன், இல்லேன்னா 'சேராது'. ரூல் என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"ரூலைச் சொல்லாம எப்படி ஆடுறது?" மாஸ்டருக்கு இது அடிப்படையிலேயே பிடிக்கவில்லை. "சிகப்புக்கு நிக்கணும், பச்சைக்குப் போகணும்னு சொல்லாமலே ஒருத்தனை ரோட்டுல இறக்கிவிடுற மாதிரி இருக்கு."

"கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லுங்க அத்தான், விட்டுடலாம்" என்றாள் மச்சினி.

அது போதாதா? மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் சீட்டு அவருடையது. "எடுத்த எடுப்புலயே ராஜா, பாருங்க" என்று வைத்தார்.

"சேராது."

சகலை ஒரு சீட்டை எடுத்தான். வைத்தான்.

"சேரும்."

மச்சினி "இது எப்படின்னு பார்க்கலாம்" என்று ஒன்றை வைத்தாள். சேராது.

"ஆ, புரிஞ்சுபோச்சு! சகலை வெச்சது கறுப்பு. கறுப்புதான் சேரும்" என்றபடி மாஸ்டர் கறுப்பு ஒன்றை வைத்தார். சேராது. சகலை சிவப்பை வைத்தான். சேரும். அப்படியானால் ஒற்றைப்படை, இரட்டைப்படை. அதுவும் இல்லை. முந்தின சீட்டோடு கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார், வகுத்தால் மீதி வருகிறதா என்றெல்லாம் பார்த்தார். ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டு விளக்கிக்கொண்டே சீட்டை வைத்தார். சேராது, சேராது, சேராது. அந்தப் பக்கம் சகலை எதையோ யோசிக்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வைத்த சீட்டெல்லாம் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மச்சினியின் சீட்டுகளும் சேர ஆரம்பித்தன. அவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மாஸ்டரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு "டீ போடுறேன்" என்று சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. மச்சினி கண்டுபிடித்தால் சரி, படித்தவள். இந்த ஊமைக்கோட்டானுக்குமா தெரிந்துவிட்டது?

"சகலைக்கு மூளை எங்க இருக்குன்னே தெரியலையே! அமுக்கமா உட்கார்ந்துக்கிட்டு..." என்றார். சகலை வெட்கத்தோடு சிரித்தான்.

சரி, பாடத்தை விட்டுவிட்டு வாத்தியாரைக் காப்பியடிப்போம் என்று முடிவெடுத்தார். சகலை இடது கையால் வைக்கிறான். "இப்ப இடது கை!" என்று வைத்தார். சேராது. சகலை வைக்கும்முன் காதைச் சொறிகிறான். "காது, கையி, எல்லாம் பண்ணியாச்சு!" சேராது. நாற்காலியை மாற்றிக் கேட்டார். சகலை மறுபேச்சில்லாமல் எழுந்து இடம் கொடுத்தான். அந்த இடத்தில் உட்கார்ந்து, அவனைப் போலவே தோளைத் தொங்கப்போட்டு, ஜன்னலைப் பார்த்து, காதைச் சொறிந்து, முகத்தை அசட்டுத்தனமாக வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு சீட்டை வைத்தார்.

"சேரும்" என்றாள் மனைவி.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். இனி விஷயம் அவருக்குப் பழகினது. வண்டி நின்றுபோனால் ஒவ்வொன்றாகத்தானே கழித்துப் பார்ப்போம்? பெட்ரோலா, பேட்டரியா, பிளக்கா? காதை விட்டுவிட்டு வைத்தார். சேரும். வலது கையால் வைத்தார். சேரும். தன் நாற்காலிக்கே திரும்பி வந்து வைத்தார். சேரும். கவனம் சிதறக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துப் பார்த்ததில் கண்ணை மூடியும் சேர்ந்தது, சீட்டைத் திருப்பி வைத்தும் சேர்ந்தது. எல்லாவற்றையும் கழித்தாயிற்று. மிச்சம் என்ன?

"இப்ப பாரு" என்று சொல்லிக்கொண்டு ஒன்றை வைத்தார்.

"சேராது."

வாயை மூடிக்கொண்டு இன்னொன்றை வைத்தார்.

"சேரும்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. மச்சினி டீத் தட்டோடு சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பேசாம வெச்சா சேரும்" என்றார் மெதுவாக. "அதானே?"

"அதேதாங்க." மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களைக் குத்திக்காட்டணும்னு வைக்கலைங்க. சுலபமான ரூல்னுதான் வெச்சேன். மூச்சு வாங்கவாச்சும் நடுவுல நிறுத்துவீங்கன்னு நினைச்சேன்."

அப்போதுதான் சகலை வாயைத் திறந்தான்.

"ஓ, அப்படியா!"

மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி.

"எனக்கென்ன தெரியும்? ஏதோ நல்ல நல்ல சீட்டா வருதுன்னு நினைச்சேன்."

மாஸ்டருக்கு உள்ளேயிருந்து பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இவனைப் பார்த்தா நான் காதைச் சொறிஞ்சேன்!" மச்சினி தட்டை வைப்பதற்குள் டீ பாதி சிந்திவிட்டது.

ஆனாலும் வீடு திரும்பும்போது காருக்குள் அவர் பேசவில்லை. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது. மனைவி இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். யாரும் குறுக்கே வரவில்லை என்பது உறுதியானதும் சொன்னாள்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம பள்ளிக்கு எதிர்த்தாப்புல இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருக்கே, அவங்ககிட்ட விசாரிச்சு வெச்சிருக்கேன்."

மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். எதிர்க்கடைக்காரனிடமா! நாக்கு நுனிவரை ஒரு லோடு வந்து நின்றது. அதை விழுங்குவதற்கு அவர் பட்ட பாட்டில், கார் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

"என்கிட்டயே கத்துக்கோயேன்" என்றார் கடைசியில்.

"நீங்க பேசாம உட்காருவீங்களா?"

"உட்கார்றேன்."

மறுநாள் காலை பயிற்சி வண்டியில் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக் கவ்விக்கொண்டார். வண்டி தவளை மாதிரி இரண்டு குதி குதித்து நகர்ந்தது. அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் வார்த்தை வரவில்லை. இடதுபக்கம் போக வேண்டும் என்றால் கையை மட்டும் காட்டினார். தெரு முனைவரை அவளாகவே கியர் மாற்றிப் போனாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை அவர் பார்த்தார். தன்னிடம் பழகிய எவர் முகத்திலும் அப்படியொரு சிரிப்பைப் பார்த்த ஞாபகம் அவருக்கில்லை.

முனையில் வண்டி நின்றுபோனது. அவள் நிதானமாகச் சாவியைத் திருப்பினாள். பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான்.

மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்து இறங்கினார். வேனின் ஜன்னல் பக்கம் போய், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நேற்று சாயங்காலத்திலிருந்து தேக்கிவைத்திருந்ததை எல்லாம் மடை திறந்தாற்போல் கொட்ட ஆரம்பித்தார். வேன்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அவர் கண்ணாடியோடு பேசினார்.

மனைவி அதற்குள் வண்டியைக் கிளப்பி, திருப்பத்தைத் தாண்டி, ஓரமாக நிறுத்திவிட்டு அவருக்காகக் காத்திருந்தாள்.