நனைந்த ரிலே

வண்டியை வெளியே மட்டும் கழுவியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தர்ஷினி பானெட்டையும் திறந்தாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஈஜிபுராவின் அந்தச் சந்தில் வாசலுக்கு வாசல் ஸ்கூட்டரும் ஆட்டோவும் குளித்துக்கொண்டிருந்தன. அப்பா எத்திராஜ் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கப் போயிருந்தார். அம்மா மரகதம் அபார்ட்மெண்டில் வேலைக்குப் போயிருந்தாள். காய்கறி லோடு அடித்து அடித்துத் தேய்ந்த பதினேழு வருஷத்து டீசல் பிக்கப் தர்ஷினியின் பொறுப்பில் நின்றது. நாளைக்கு இஞ்சினுக்கும் சந்தனப் பொட்டு உண்டு. எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயா சந்தனம் வைப்பது என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை.

இஞ்சினுக்கு ஓரமாகப் புத்தம் புதிதாக இரண்டு கறுப்பு டப்பாக்கள் இருந்தன. மூன்று வாரத்துக்கு முன்னால் விவேக் நகர் மெக்கானிக் ஜெயராஜ் மாட்டிய ஹீட்டர் ரிலேக்கள். காலைக் குளிரில் அந்தக் கிழட்டு இஞ்சின் எழுந்திருக்க வேண்டுமானால் உள்ளே போகும் காற்றைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும். அதற்கான ஹீட்டருக்குக் கரண்ட் விடுவதும் நிறுத்துவதும் இந்த இரண்டின் வேலை. மாட்டி முடித்து, மேலே ரப்பர் மூடியைப் போட்டு அழுத்தியபோது ஜெயராஜ் அப்பாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"மச்சான், இந்தப் பக்கம் மட்டும் தண்ணி காட்டாத."

விழுந்ததுதான். ஆனால் அந்த மூடியிலும் கறுப்பாகப் பிசுக்கு ஏறியிருந்தது. கழற்றி சோப்புத் தண்ணீரில் போட்டாள். ட்யூபைப் பிடித்து இஞ்சினை மேலிருந்து கீழ்வரை அடித்துக் கழுவினாள். பிறகு மூடியை இரண்டு உதறு உதறி, ஈரத்தோடேயே திரும்ப அழுத்திவிட்டாள்.

மறுநாள் பொட்டு வைக்கப் பானெட்டைத் தூக்கிய அப்பா அசந்துபோனார்.

"அடேங்கப்பா! ஷோரூம்ல நிக்கிற வண்டி மாதிரி கீது. தண்ணி கிண்ணி ஊத்தலயே?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"துணியாலதான் தொடச்சியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டு ஆட்டல், அவ்வளவுதான்.

பத்து நாள் வண்டி சமர்த்தாக ஓடியது. பதினோராம் நாள் விடிந்தபோது சந்தெல்லாம் பிளாஸ்டிக் கருகிய வாடை. ஒரு ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் ஹீட்டருக்குக் கரண்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒயரின் மேல்தோல் உருகி இஞ்சின்மேல் சொட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வண்டி பற்றியிருக்கும். அப்பா லோடை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டு, பக்கத்து வீட்டு டெம்போவில் கயிறு கட்டி வண்டியை விவேக் நகருக்கு இழுத்துப் போனார். தர்ஷினியும் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அன்று வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டம் ஜெயராஜின் கடை வாசல்வரை நின்றது. கையில் மெழுகுவத்தியும் ரோஜா மாலையுமாக ஜனங்கள். அவர்களுக்கு நடுவில் அப்பா இறங்கி நின்று சத்தம் போட்டார்.

"இன்னாடா மாட்டிக் குடுத்த நீ? பழைய டப்பாவுக்கு பாலிஷ் போட்டு மாட்டிட்டியா?"

"மச்சான், சும்னிரு. மொதல்ல கழட்டிப் பாக்கலாம்."

"இன்னா பாக்கறது? என் வண்டி எரிஞ்சிருக்கும்டா! வியாழக்கிழமையானா மெழுகுவத்தி ஏத்தற கை, மத்த நாள்ல இந்த வேலைதான் பண்ணுதா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயராஜுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. ரிலேயைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிளந்தார். உள்ளே செக்கச் செவேலென்று துரு.

"ஒரு மாசத்துல இவ்ளோ துருவா? எத்திராஜ், தண்ணி பட்டுச்சா?"

"என் பொண்ணு துணியாலதான் தொடச்சா. தோ நிக்கறா, அவளையே கேளு."

ஜெயராஜ் அவளைப் பார்த்தார். தர்ஷினி தன் செருப்பைப் பார்த்தாள். அவள் பேசாமல் நின்றது யாருக்கும் விசேஷமாகப் படவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமலேயே பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். யார் என்ன கேட்டாலும் அப்படித்தான் நிற்பாள்.

"அப்போ சாமான் குடுத்தவன்தான் ஏமாத்திட்டான்" என்றார் ஜெயராஜ், பாதி தனக்குத்தானே. "அதே பெட்டிலேர்ந்து இன்னும் அஞ்சு வண்டிக்குப் போட்டிருக்கேனே, ஏசுவே!"

இரண்டு ரிலேக்களையும் ஒயரையும் மாற்றிக் கொடுத்தார். போகும்போது மச்சான் என்று கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜெயராஜு ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டு வண்டிய கொண்டா, ரிலே மாத்தணும்னு கூப்டறானாம். ரெண்டு பேரு வண்டியே குடுக்க மாட்டேன்னுட்டு வேற கடைக்குப் போய்ட்டாங்களாம். மர்பி டவுன் வரைக்கும் பேச்சு நாறுது."

தர்ஷினி சோற்றிலிருந்து கையை எடுத்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, மூடியைக் கழற்றியதையும் ட்யூபால் அடித்ததையும் சொன்னாள். நாலு வாக்கியம். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

அடிப்பார் என்று நினைத்தாள். அப்பா அடிக்கவில்லை. ரசத்தை ஊற்றி, பிசைந்து, அதையும் சாப்பிட்டு முடித்தார்.

"யாருக்கும் சொல்லாத" என்றார் கை கழுவும்போது. "அவ்ளோ ஜனம் நடுவுல கத்திட்டு வந்துட்டேன். இப்ப போயி இன்னான்னு நிக்கறது?"

அதுவரை குற்றம் அவளுடையது மட்டுமாக இருந்தது. இப்போது அப்பாவையும் அதற்குள் இழுத்துவிட்டது போலிருந்தது. தூக்கம் வராமல் புரண்டாள். தலையை ஆட்டியதுதானே, பொய் சொல்லவில்லையே என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது அவளுக்கே பொருந்தவில்லை.

திங்கட்கிழமை காலை, கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு விவேக் நகர்வரை நடந்தாள். ஜெயராஜ் ஒரு வெள்ளைப் பிக்கப்பின் பானெட்டுக்குள் இடுப்புவரை குனிந்திருந்தார். தரையில் ஒரு தகர டப்பா. அதற்குள் அவர் கழற்றிப் போட்ட நல்ல ரிலேக்கள். இரண்டை அவரே உடைத்தும் பார்த்திருந்தார். உள்ளே வெள்ளிபோலப் பளபளவென்று இருந்தன.

"இன்னாமா? உங்கப்பன் இன்னும் திட்டணும்னு அனுப்புனானா?"

"நான்தான் மாமா தண்ணி அடிச்சேன்."

சத்தம் மிகவும் சின்னதாக வந்தது. அவர் வெளியே வந்து, "இன்னா?" என்றார். அவள் திரும்பவும் சொன்னாள், மூடியைப் பற்றியும் சேர்த்து.

ஜெயராஜ் டயர் மேல் உட்கார்ந்தார். தகர டப்பாவையே பார்த்தார்.

"அன்னிக்கு உன்னப் பாத்துக் கேட்டேனே!"

"ஆமா மாமா."

"நாலு நாளா கிறுக்கன் மாதிரி நல்ல சாமானக் கழட்டிப் போட்டுக்கினு இருக்கேன். கடைக்காரன் சட்டையப் புடிச்சிட்டேன். உனக்கு வாய் வராதுன்னு எல்லாரும் பாவம் பாக்கறோம். நீ அதுக்குள்ளாறயே ஒளிஞ்சுக்கறியா?"

அவளால் நிமிர முடியவில்லை. அந்த வார்த்தை சரியாக இருந்தது. அதனால்தான் அப்படி எரிந்தது.

"எத்திராஜுக்குத் தெரியுமா?"

இதற்குத் தலையாட்டினால் போதும். ஆனால் எந்தப் பக்கம் ஆட்டினாலும் யாரோ ஒருவருக்கு அவள் துரோகம் செய்தாக வேண்டும்.

"தெரியும்" என்றாள், வாயைத் திறந்தே. "நேத்து சொன்னேன்."

ஜெயராஜ் சிரித்தார். நன்றாக இல்லாத சிரிப்பு. "சரி, போ" என்றார்.

"வியாழக்கிழமை வரேன் மாமா. அப்பா கத்தின எடத்துலயே நின்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"உன்னால ஆகாது. போ." அவர் மறுபடியும் பானெட்டுக்குள் குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை போவதை அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட வரவும் இல்லை.

கோயிலில் மணி அடித்தது. கூட்டம் கடை வாசலைத் தாண்டி நின்றது. தர்ஷினி அதே இடத்தில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் வராத சத்தம் எங்கிருந்தோ வந்தது.

"போன வாரம் எங்கப்பா இங்க நின்னு ஜெயராஜ் மாமாவ திட்டினாரு. தப்பு மாமா மேல இல்ல. நான் ரிலேல தண்ணி அடிச்சிட்டு சொல்லாம இருந்துட்டேன். அவரு போட்டது புது சாமான்தான்."

ஒரு குழந்தை அழுதது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்தார்கள். கடைக்குள் ஜெயராஜின் ஸ்பானர் சத்தம் நின்றுபோயிற்று. தர்ஷினி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். இன்று வந்தவர்கள் வேறு ஆட்கள். அன்று கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை.

மெழுகுவத்தி விற்கும் அம்மாள் மட்டும் கன்னத்தில் கை வைத்தபடி கேட்டாள்: "உங்கப்பா யாரும்மா? யாரு யார திட்டினது?"

தர்ஷினி அவளருகே போய், ஆயுத பூஜைக்கு முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.