இழுத்துக் கட்டிய கம்பி

நாய் குரைத்து முடிப்பதற்குள் கதவைத் தடதடவென்று இடித்தார்கள். டெலிபோன் கம்பெனியின் வக்கீல் விட்லாக், கூடவே சாட்சியம் பதிய வந்த கோர்ட் அதிகாரி.

சலோமி ஸ்டாஃபர் முடக்குவாதத்தில் மாடியிலேயே கிடப்பவள். அவளால் கோர்ட்டுக்குப் போக முடியாது. கோர்ட் அவளிடம் வந்திருந்தது. காப்புரிமை வாங்கியவருக்கு முன்பே டெலிபோனைச் செய்தவன் தன் கணவன் மெனோ என்பதற்கு அவள் ஒருத்திதான் சாட்சி. நிலவறைப் பட்டறையிலிருந்து கம்பி வழியே அவன் பேசியதை, கட்டிலில் படுத்தபடி குழலில் கேட்டு வந்தவள்.

எங்கள் மெனோனைட் கிறிஸ்தவ சபையில் வழக்காடுவது பாவம். கம்பெனியோடு வழக்காடும் மெனோவை ஒதுக்கி வைத்துவிட்டோம். ஜெயித்தால் பென்சில்வேனியா முழுக்க அவன் பெயர். தோற்றால் பந்தியில்கூட இடமில்லை.

"சபையும் போச்சு. வழக்கும் போனா எங்கய்யா போவீங்க?" என்றார் விட்லாக், கையுறையைக் கழற்றியபடி.

"பேசிக் காட்டறேன். அப்புறம் நீங்க எங்க போறதுன்னு யோசிங்க" என்றான் மெனோ.

"பேஷா. கம்பியை நல்லா இழுத்துக் கட்டிக்குங்க. பின்னாடி குறை சொல்லக் கூடாது."

"எப்பவும் விறைப்பாத்தான் வெப்பேன். தொங்கினா எனக்குப் பிடிக்காது."

மெனோ தன் வக்கீலோடு கீழே இறங்கி, கம்பியை முறுக்கேற்றினான்.

மாடியில், அதிகாரி பார்த்திருக்க, கட்டிலடியில் இருந்த பேட்டரி ஜாடியின் இணைப்பை விட்லாக் கழற்றினார்.

"அம்மா, உங்க சபை ஆளுங்க சத்தியம் பண்ண மாட்டாங்க, பொய்யும் சொல்ல மாட்டாங்க. அதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். காதுல விழறதை மட்டும் சொல்லுங்க."

சலோமி குழலைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"பன்னிக்குத் தவிடு வெச்சாச்சு, முட்டைக்கோஸ் இன்னும் ஊறலைங்கறார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். மெனோ இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"கேட்டுச்சில்ல?"

"ஒரு வார்த்தை விடாம," என்று விட்லாக் கழற்றிய முனையை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினார். "பேட்டரியே இல்லாம. மின்சாரத்துல பேசினாத்தான்யா டெலிபோன். இது இறுகின கம்பி அதிர்றது. என் பேரன் ரெண்டு தகர டப்பாவுல நூல் கட்டி இதையேதான் பண்றான். அவனையும் ஒரு வழக்குப் போடச் சொல்லட்டுமா?"

அதிகாரி சிரித்துவிட்டார். பின்னாலேயே ஏறி வந்த மெனோவின் வக்கீல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் மெனோ கட்டிலருகே நின்றான்.

"கழட்டினதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா கேட்டுச்சுன்னு சொன்ன?"

"கேட்டுதே."

"வாயை மூடிக்கிட்டுக் கிடந்திருக்கக் கூடாதா? இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு நீ செஞ்ச ஒரே வேலை, என்னைப் புதைச்சதுதான்."

சலோமி குழலைப் போர்வைமேல் வைத்தாள்.

"உங்களுக்கு நான் வெறும் காதுதானே, மெனோ. அந்த ஜாடி எதுக்குன்னு ஒருநாளாவது என்கிட்ட சொன்னீங்களா?"