ஏழு தரம் கழுவிய இசைத்தட்டு

1

இந்தக் காலத்து ஆட்கள் ஒரு பாட்டை முழுசாகக் கேட்பதில்லை. பாடுகிறவன் மூச்சை இழுக்குமுன் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

(பொய். என் கூடப்பிறந்த மூத்த காக்காவின் பெயரை நான் கழுவிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து; பிழை இருந்தால் இருக்கட்டும்.)

2

கல்முனையில் அழகரெத்தினத்தின் பழைய சாமான் கடையில் பூஞ்சணம் பிடித்த இசைத்தட்டொன்று கிடந்தது. நடுத்தாளில் ‘பாடியவர்: எம். ஸலாஹுதீன்’. காக்கா வாலிபத்தில் கொழும்புக்குப் போய் ஒரேயொரு பாட்டைப் பதிந்தவர். நான் அப்போது கைக்குழந்தை. சுனாமியாய்க் கடல் வந்த அன்று காக்கா போய்விட்டார். அவருடைய குரல் எங்கள் எவரிடமும் இல்லை.

(கண்ணாடி போடாமல்தான் வாசித்தேன். முதல் பிரதியில் இதை மறைத்திருந்தேன்.)

“செலவில்லாமக் கழுவலாம்,” என்றான் அழகரெத்தினம். “பற்றரிக்கு ஊத்துற தண்ணி, கோப்பை கழுவுற சோப்பு ரெண்டு துளி, மெல்லிய துணி. கோடு போற பக்கமாத் துடை. நடுத்தாள நனைச்சிராத.”

நல்ல யோசனைதான். ஆனால் அவனுடைய நாய் தட்டின்மேல் மூக்கை வைத்துப் படுத்திருந்தது.

“நக்கிச்சா?”

“மணந்துதான் பாத்தது, மசூர்.”

விற்கிறவன் வேறென்ன சொல்வான்?

3

நாய் நக்கியதை எங்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவவேண்டும், ஒரு தரம் மண் கரைத்து. கிணற்றடியில் பேசினுக்குள் தட்டை முழுசாக அமிழ்த்தினேன். மண்ணைக் கரைக்கும்போது என் மனதில்...

[இந்த வசனம் வேண்டாம். அப்போது என் மனதில் ஒன்றும் இருக்கவில்லை.]

ஐந்தாம் தரம் நடுத்தாள் கஞ்சிபோலக் கையோடு வந்தது. பெயரும் வந்தது. பிறகும் இரண்டு தரம் கழுவினேன். ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

4

காக்காவின் மனைவி நபீஸா மதினிக்குப் போட்டுக் காட்ட றெக்கோட் பெட்டியொன்றை இரவல் வாங்கினேன். அவள் தட்டைத் தடவிப் பார்த்தாள்.

“அடக்கப் போற மையத்தக் கூட இப்பிடிக் கழுவமாட்டாங்க தம்பி.”

ஊசியை வைத்தேன். மண் நெரிபடும் சத்தம். அதற்கு அடியில் ஓர் ஆண் குரல்.

முடிவு ஒன்று: மதினி அழுகிறாள், காக்காதான். முடிவு இரண்டு: தலையை ஆட்டுகிறாள், வேறு எவனோ. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் வாயில் என் கதைதான் வந்தது.

நடந்தது இது:

“அவர்தானா மதினி?”

“கலியாணத்துக்குப் பொறகு அவர் பாடவேயில்லயே. கதைச்ச குரல்தான் எனக்குத் தெரியும்.”

“அப்ப நிப்பாட்டட்டா?”

“கைய எடு. நான் இன்னும் தேடிட்டிரிக்கன்.”

தேடிக் கண்டாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அது காக்கா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை.