பெயரில்லாத கேன்

விடிகாலை ஐந்து மணிக்கே பாஞ்சாலை கார் பானட்டின் மேல் கையை வைத்துவிட்டாள். தை மாதப் பனி. தங்கவேலு பைப்பைப் பிடித்து அடித்த தண்ணீர் தகரத்தில் பட்டுத் தெறித்து, புடவைக்கு மேல் அவள் மாட்டியிருந்த ஆம்பளைச் சட்டையை முழங்கை வரை நனைத்தது. பத்து நிமிஷத்தில் விரல்கள் மரத்துப் போயின. ஆனால் அவளுடைய வேலையே விரல் நுனியில்தான் இருந்தது.

மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டின் மேல் மெல்லத் தடவுவாள். வெறுங்கைக்கு வழுவழு என்று தெரிகிற இடம்கூடக் கவருக்குள்ளிருந்து தடவினால் நறநறக்கும். அரிசி மில் புகைபோக்கியிலிருந்து பறந்துவந்த உமிச்சாம்பல், ரோட்டுத் தார், வேப்பம்பிசின், இரும்புப் பொறி. எத்தனை முறை கழுவினாலும் போகாது, பெயிண்டைக் கவ்விக்கொண்டு கிடக்கும். அதை எடுக்காமல் பாலீஷ் மிஷினை ஓட்டினால் வண்டி முழுக்க வட்டவட்டமாகக் கீறல் விழும். எடுப்பதற்கென்று ஒரு களிமண் சென்னையிலிருந்து வரும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, அதை உள்ளங்கை அளவுக்குத் தட்டி, நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். அழுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வரும். மடித்து, புது முகத்தைத் திருப்பி, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு காருக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

ஊரில் பட்டு வியாபாரம் பார்ப்பவர்களெல்லாம் கார் வாங்க ஆரம்பித்திருந்த 2007ஆம் வருஷம் அது. இராஜமாணிக்கத்தின் பட்டறையில் பாஞ்சாலை, கண்ணகி, திலகவதி, சகாயம்மாள் என்று நாலு பெண்கள் இந்தத் தேய்ப்பு வேலைக்கு. தங்கவேலு தண்ணீருக்கு. சகாயம்மாளின் தம்பி சார்லி பாலீஷ் மிஷினுக்கு.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு பெரிய வேலை வந்தது. செய்யார் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற பன்னிரண்டு வெள்ளைக் கார்கள். கட்டடம் எழும்புகிற இடத்திலேயே நின்று நின்று, மேலெல்லாம் சிமெண்டுத் துளியும் வெல்டிங் பொறியும் பதிந்திருந்தன. நாலே நாளில் தர வேண்டும்.

"களிமண்ணுல தேச்சிகினு இருந்தா நாலு மாசம் ஆவும்," என்றார் இராஜமாணிக்கம். லேபிள் கிழிக்கப்பட்ட வெள்ளைக் கேன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "இத ஸ்பாஞ்சில தொட்டு ஒத்து. கறை தானா கரையும். ஜல்தியா ஆவட்டும். பாஞ்சாலை, நீ மத்தவங்களுக்குச் சொல்லிக் குடு. இனிமே நீதான் மேஸ்திரி."

கறை கரையத்தான் செய்தது. சிமெண்டுத் துளியின் மேல் வைத்த மாத்திரத்தில் லேசாக நுரைத்து, துடைத்தால் தடம் தெரியாமல் போயிற்று. கண்ணகி கைதட்டிச் சிரித்தாள். முதல் நாள் சாயங்காலம் பாஞ்சாலையின் ஆள்காட்டி விரல் நகத்துக்கடியில் குத்தல் எடுத்தது. மறுநாள் காலையில் அந்த இடம் சுண்ணாம்பு வைத்ததுபோல வெளுத்திருந்தது. முதலாளியிடம் மட்டும் காட்டினாள்.

"பனியில தண்ணி பட்டா அப்பிடித்தான் இருக்கும். போய் வேலையப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். மற்ற மூன்று பேரிடமும் சொல்லவில்லை. மேஸ்திரி என்று ஒருவர் கூப்பிட்டது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சகாயம்மாளுக்கு வாய்த்த கார்தான் எல்லாவற்றிலும் மோசம். கூரை முழுக்க சிமெண்டு. ஸ்பாஞ்சைக் கேனிலேயே முக்கி முக்கி, பிழிந்து பிழிந்து ஒத்தினாள். வேலை முடிகிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஆரம்பித்த வலி, கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருள வைத்துவிட்டது. சார்லி அவளை ஆட்டோவில் ஏற்றி வேலூருக்கு ஓடினான்.

மூன்றாம் நாள் காலையில் அவன் மட்டும் திரும்பி வந்தான். கண்கள் சிவந்திருந்தன. நேரே முதலாளியிடம் போனான்.

"சார், அந்தக் கேன்ல இன்னா மருந்துன்னு டாக்டர் கேக்குறாரு. ஒரு ஜாதி ஆசிட் கீதாம். தோல விட்டுட்டு உள்ள எலும்பத் தின்னுமாம். அதுவா இருந்தா அதுக்குத் தனியா ஊசி போடணுமாம். வேற ஒண்ணுன்னா வேற வைத்தியமாம். பேரைச் சொல்லுங்க, போதும்."

"எந்தக் கேன்?" என்றார் இராஜமாணிக்கம்.

"இன்னா சார், எந்தக் கேன்னு கேக்குறீங்க?"

"இங்க சோப்புத் தண்ணியத் தவிர ஒண்ணும் கெடையாது. உங்க அக்கா வூட்ல இன்னாத்தத் தொட்டாளோ. எனக்குப் பேஜார் குடுக்காத சார்லி. நாளைக்கு மதியம் வண்டி டெலிவரி." கேன் இருந்த பின்பக்க அறையை ஏற்கெனவே பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார்.

பாஞ்சாலை அங்கேயேதான் நின்றிருந்தாள். சார்லி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கையிலிருந்த கவரை உருவினாள். கண்ணகியும் திலகவதியும் தங்கவேலுவும் நின்ற இடத்துக்குப் போய் விரலை நீட்டினாள். நகத்தைச் சுற்றி இப்போது கறுத்திருந்தது.

"எனக்கு முந்தாநாளே வந்திச்சி. மொதலாளிகிட்ட மட்டும் காட்டினேன். உங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன். சொல்லியிருந்தா சகாயம் கைய வச்சிருக்க மாட்டா."

கண்ணகி அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. "நாங்களும்தான கைய வச்சிகினு இருந்தோம்? எங்களுக்கும் புள்ளைங்க கீதுல்ல?"

"கீது. என்ன இன்னா வேணா கேளு. ஆனா இன்னிக்கு யாரும் அந்த வண்டியத் தொடாதீங்க."

தங்கவேலு போய் மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் பட்டறை திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. நாலு பேரும் கேட்டுக்கு உள்ளே, ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். கடைசியாகக் கண்ணகி உட்கார்ந்தாள், பாஞ்சாலையை விட்டுத் தள்ளி. சார்லி உட்காரவில்லை. பைக்கில் சாய்ந்து நின்றான்.

இராஜமாணிக்கம் முதலில் சிரித்தார். அப்புறம் கத்தினார். அப்புறம் போனை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் சந்தவாசலிலிருந்து இரண்டு பேர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரியவர் பன்னீர்செல்வம், டிராக்டர் பட்டறையில் வேலை பார்த்தவர். கூட வந்தவர் அவருடைய மச்சான்.

"இவங்க கெடக்குறாங்க. நீங்க ஆரம்பிங்க," என்ற முதலாளி பின்னறையைத் திறந்தார். அவராகவே திறந்தார். வேறு வழியில்லை. அந்தக் கேன் தண்ணீர் இல்லாமல் மிச்சமிருந்த ஏழு கார்கள் நாளைக்குள் முடியாது. "அந்த வெள்ளக் கேன எடுத்தா."

பன்னீர்செல்வம் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணே, இது அந்தத் தண்ணி பட்டதுதான். எனக்கு ரெண்டு சொட்டுதான் பட்டிச்சி. இவன் அக்கா ஒரு நாள் முழுக்கத் தொட்டா. இன்னான்னு தெரியாம டாக்டர் கையப் பெசஞ்சிகினு நிக்கிறாரு. மொதலாளி சோப்புத் தண்ணின்றாரு."

பன்னீர்செல்வம் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"சோப்புத் தண்ணிதானங்க?"

"ஆமாய்யா. சொன்னா கேக்க மாட்டியா?"

"அப்போ நீங்க ஒரு வாட்டி கைய முக்கிக் காட்டுங்க. நான் மீதி ஏழு வண்டியையும் முடிச்சிட்டுப் போறேன்."

மூடியைத் திருகிக் கேனை அவர் முன்னால் நீட்டினார். கேனுக்குள்ளிருந்து காரமான நெடி எழும்பியது. இராஜமாணிக்கம் தன்னை அறியாமல் இரண்டு அடி பின்னால் போனார். அதை எல்லோரும் பார்த்தார்கள். மூடியை மறுபடி இறுக்கித் திருகிய பன்னீர்செல்வம், கேனை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, இன்னொரு பையில் போட்டுக் கட்டி, சார்லியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பாத்துப் புடி. மேல சிந்தாம எட்த்துகினு போ."

"டேய், அது என் சரக்கு! போலீசுக்குப் போவேன்!"

"போங்க சார்," என்றாள் பாஞ்சாலை. அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அங்கயாவது அதுக்கு இன்னா பேருன்னு சொல்லுங்க."

சார்லியின் பைக் வேலூர் ரோட்டில் திரும்பிப் போயிற்று. இராஜமாணிக்கம் அவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, இனி இந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்காது என்றார். வெறும் மிரட்டல் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். எல்லோரையும் வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார்.

ரோட்டோரம் நின்றார்கள். சகாயம்மாளின் கை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கேன் போய்ச் சேர்வதற்குள் எத்தனை நாழிகை ஆகுமோ, அதற்குள் எத்தனை தூரம் தின்றிருக்குமோ.

"திருவண்ணாமலைல லேபர் ஆபீஸ் கீது," என்றார் தங்கவேலு. "இத எழுதிக் குடுக்கணும். குடுத்தா ஒடனே ஒண்ணும் நடந்துடாது. ஆனா எழுதிக் குடுக்கணும்."

"எனக்குக் கையெழுத்துதான் போட வரும்," என்றாள் பாஞ்சாலை.

"நான் எழுதுறேன்," என்றாள் கண்ணகி. இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் வெரலப் பத்திதான் மொதல்ல எழுதுவேன். அவர்கிட்ட மட்டும் காட்டினதையும் எழுதுவேன்."

"எழுது. எல்லாத்தையும் எழுது."

போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ் வந்து நின்றது. பெண்கள் முன் படியில் ஏறினார்கள், தங்கவேலு பின் படியில். பாஞ்சாலை கறுத்த விரலை மடக்கி வைத்துக்கொண்டு இடது கையால் கம்பியைப் பிடிக்கப் போனாள். பஸ் குலுங்கிக் கிளம்பியபோது கண்ணகி அவள் முழங்கையைப் பற்றி நிறுத்தினாள், பிடியை விடவும் இல்லை.

கண்டக்டர் வந்தார். "எத்தினி டிக்கெட்?"

"நாலு," என்றாள் பாஞ்சாலை.

"ஆறு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பன்னீர்செல்வமும் மச்சானும் பின் படியில் ஏறி நின்றிருந்தார்கள். சந்தவாசலுக்குத் திரும்புகிற ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டார்கள். "ஆறும் திருவண்ணாமலை. கேன எட்த்தாந்தது நான்தான? எங்க இருந்திச்சின்னு நான்தான சொல்லணும்."