குளிரில் ஊமையான இடது சிக்னல்

சந்திரவதனாவுக்கு டிரைவிங் டெஸ்ட் வியாழக்கிழமை காலை எட்டு பத்துக்கு. அந்த ஒரு நேரத்துக்காக ஐந்து மாதம் காத்திருந்தாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தாயிற்று. ஆனால் டெஸ்ட் பாஸான அத்தாட்சியை வெள்ளிக்கிழமைக்குள் காட்டவேண்டும். காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

ஓட்டத்தில் அவளுக்கு ஒரு கவலையுமில்லை. தோர்ண்டன் ஹீத் ஹை ஸ்ட்ரீட்டில் பஸ்ஸுக்கும் டெலிவரி வானுக்கும் நடுவால் கார் விடுகிறவளுக்கு, சோதிக்க வருகிறவர் என்ன புலியா கரடியா?

கவலை காரைப் பற்றியது. பனி கொட்டத் தொடங்கி மூன்று கிழமையாக, காலையில் இடது சிக்னல் வாய் திறப்பதில்லை. ஸ்டியரிங் பக்கத்துத் தண்டைக் கீழே தட்டினால் வெளிச்சமுமில்லை, டிக் டிக் சத்தமுமில்லை. இருபது நிமிடம் ஹீட்டர் போட்டு ஓடினால் ஒன்றும் நடக்காததுபோல் மின்னும். இந்த லட்சணத்தில் போனால் டெஸ்ட் நிலையத்து வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார் ஓட்டப் பழக்கின மாஸ்டரின் காரோ அன்றைக்கு வேறொருவருக்கு.

“வெள்ளன வெளிக்கிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போவம்,” என்றார் கணவர் பாலேந்திரா.

“அங்கை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு உள்ளை போய் இருக்கவேணும். வெளியிலை வர அது திரும்ப விறைச்சுப்போய் நிக்கும். காரைத் திருத்தவேணும், குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போறதில்லை.”

ரயில் பாலத்தடியில் கராஜ் வைத்திருக்கும் றொஜனிடம் இரண்டு தடவை காட்டியாயிற்று. பல்பு மாற்றினான், பியூஸ் மாற்றினான். அவனிடம் போனால் இடது சிக்னல் தங்கப் பிள்ளை.

“அக்கா, கார் என்னட்டை வந்தா நல்லாத்தான் இருக்கு. டெஸ்டுக்குப் பயத்திலை நீங்கள்தான் அதிலை பழியைப் போடுறியள்.”

அந்தச் சொல் சுட்டது. புதன் மத்தியானம் பாலேந்திராவோடு மூன்றாம் தடவை போனவள், காரைத் தெருவோரத்தில் நிறுத்தி, அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, நாலு கதவையும் திறந்துவிட்டாள்.

“உள்ளை விடுங்கோ அக்கா, குளிருதெல்லோ!”

“உள்ளை வராது. உனக்குக் கராஜுக்குள்ளை ரெண்டு ஹீட்டர் எரியுது. கடை லைட்டிலை சேலையின்ரை நிறம் பாத்து ஆராவது வாங்குவினமோ? வாசலுக்குக் கொண்டுவந்து பாக்கவேணும் தம்பி.”

இரண்டு மணி நேரம் கார் வெளியே விறைத்தது. அவள் உள்ளே ஹீட்டரடியில் றொஜனின் தேத்தண்ணியைக் குடித்தாள். பிறகு அவனைக் காரில் ஏற்றி, “இப்ப தட்டு,” என்றாள்.

தட்டினான். சத்தமில்லை. மறுபடியும் தட்டினான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தேத்தண்ணி இன்னும் இனித்தது.

“அந்தச் சிவப்பு முக்கோணத்தை அமத்து.”

அழுத்தினான். நாலு மூலையும் ஒன்றாக மின்னின, இடதும் சேர்த்து.

“அப்ப பல்பிலை பிழையில்லை, வயரிலை பிழையில்லை. தண்டாலை கேட்டால்தான் இது மறுக்குது. பிழை தண்டுக்குள்ளைதான்.”

“அக்கா, நீங்களே ஒரு கராஜ் போடலாம்.”

“முதல்லை கார் ஓட விடு. கழட்டு.”

ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த மூடியைக் கழற்றி, தண்டின் சுவிட்சைத் திறந்தான். உள்ளே வெள்ளையாக, கட்டியாக என்னவோ அப்பிக்கிடந்தது. “இப்பிடி ஒரு கிறீஸ் நான் கண்டதில்லை,” என்று தலையைச் சொறிந்தான்.

சந்திரவதனா நகத்தால் கிள்ளி எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தாள். உருகியது. மணந்து பார்த்தாள். போனை எடுத்துக் கணவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“இஞ்சாருங்கோ, காரின்ரை சிக்னல் தண்டுக்குள்ளை தேங்காயெண்ணெய் விட்டனீங்களோ?”

மறுமுனையில் பாலேந்திரா அவசரமாகக் காரணம் சொன்னார்.

“யூலையிலை கறகறவெண்டு சத்தம் போட்டது. ரெண்டு துளி விட்டனான். சத்தம் நிண்டதெல்லோ?”

“ரெண்டு துளியோ?”

“ஒரு தேக்கரண்டி இருக்கும்.”

“உங்கட தலைக்கு வைக்கிற எண்ணெயை ஒவ்வொரு நாளும் விடிய வீட்டு ரேடியேட்டருக்கு மேலை வைச்சு உருக்கித்தானே எடுக்கிறியள்? கார் எதுக்கு மேலை வைச்சு உருக்கும்?”

“அது சுத்தமான எண்ணெய்...” என்று பாலேந்திரா தொடங்கினார்.

“அண்ணை,” என்றான் றொஜன் போனுக்குக் குனிந்து, “அடுத்தமுறை கறிவேப்பிலையும் போட்டுத் தாளிச்சு விடுங்கோ.” சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க ஏலாமல் பழைய டயர் ஒன்றின்மேல் குந்திவிட்டான்.

சிரித்து முடித்து, எண்ணெய் கரைக்கும் மருந்தடித்துப் பிரஷால் சுரண்டி, மின்சாமானுக்கென்றே உள்ள கிறீஸைக் கொஞ்சமாய்த் தடவிப் பூட்டினான். “சரி, கொண்டு போங்கோ.”

“எங்கை போறது? இன்னும் ஒரு மணித்தியாலம் வெளியிலை நிக்கட்டும்.”

நின்றது. தட்டினாள். டிக், டிக், டிக். அதற்குப் பிறகுதான் றொஜனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கராஜைவிட்டுப் புறப்பட்டாள்.

வியாழன் காலை குளிர் சைபருக்கு நாலு கீழே. வழியில் பாலேந்திரா ஹீட்டரைப் போடக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். “பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ. அது குளிரிலேயே வேலை செய்யவேணும்.”

எட்டு பத்துக்கு, கழுத்துவரை மப்ளர் சுற்றிய ஒரு பெண் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கேற்றடியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். சந்திரவதனா தண்டைத் தட்டினாள். கடை திறக்கையில் ஷட்டர் ஏறுகிற சத்தத்தைப்போல அந்த டிக் டிக் அவளுக்குக் கேட்டது. பிறகென்ன, தெரு அவளுடையது.

நாற்பது நிமிடத்தில் முடிவு வந்தது. பாஸ். மூன்று சின்னப் பிழை. மூன்றும் ஒரே பிழை: தேவையில்லாத இடத்தில் இடது சிக்னல்.

அத்தாட்சியைப் படம் பிடித்து வேலைக்கு அனுப்பினாள். பாலேந்திரா காரிலிருந்து எல் போர்டைக் கழற்றி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. திங்கள் காலை ஏழு மணி, முதல் வீடு நோர்பரியில்.

பாலேந்திரா பழக்கதோஷத்தில் ஓட்டுகிற பக்கக் கதவைத் திறந்தார்.

“அங்காலை போய் ஏறுங்கோ,” என்றாள் சந்திரவதனா. “திங்கட்கிழமையிலை இருந்து விடியத் தேத்தண்ணியும் நீங்கள்தான் போடவேணும்.”