தலைக்கு வைத்த பஞ்சு

பச்சையம்மாவுக்குக் கை ஓடவில்லை. அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியதில் ஒரே ஒரு வார்த்தை காதில் விழுந்து அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது. பஞ்சு.

அவள் புருஷன் அர்ச்சுனனுக்குப் பிழைப்பு ஷேர் ஜீப் ஓட்டுவது. பைத்தியம் ஸ்பீக்கர் செய்வது. பலா மரத்தை இழைத்துப் பெட்டி அடிப்பான், பாட்டுப் போட்டுக் கேட்பான், பிரிப்பான், மறுபடி அடிப்பான். ஒன்றையும் விற்றதில்லை. "சோறு போடுமா இது?" என்று அவள் கத்தாத நாள் கிடையாது. ஆனால் அவன் போட்டுக்கொடுத்த அளவை வைத்து மெட்ராஸிலும் கோயமுத்தூரிலும் ஆட்கள் பெட்டி செய்தார்கள். போனில் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். ஜவ்வாது மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

அப்படிப்பட்டவன் ஐப்பசி மழையில் ஒருநாள் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தப் போன் சிநேகிதர்கள், அவன் கடைசியாகச் செய்த ஜோடிப் பெட்டியைக் கேட்கவேண்டுமென்று மலையேறி வந்திருந்தார்கள்.

"மாஸ்டரோட வித்தையே பெட்டிக்குள்ள அடைக்கிற பஞ்சுலதாங்க கீது," என்று சொல்லிக்கொண்டிருந்தான் ரஞ்சித். கணியம்பாடியில் செல்போன் கடை வைத்திருப்பவன். "பஞ்சு கொறஞ்சா போச்சு. பானைக்குள்ள தலைய வுட்டுப் பேசற மாதிரி முழங்கும்."

அடக் கடவுளே, அது சும்மா அடைத்து வைத்த பஞ்சு என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! அவர்கள் பங்காளி வகையில் செத்தவன் தலை வெறும் மண்ணில் படக்கூடாது. புதுத் தலையணை தைத்துத்தான் குழிக்குள் வைப்பார்கள். பஞ்சும் அவன் வீட்டுப் பஞ்சாக இருக்கவேண்டும், அக்கம்பக்கத்தில் கேட்கக்கூடாது. ஐப்பசியில் இலவங்காய்க்கு எங்கே போவது? பிணத்தை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். அவள் வலது பக்கப் பெட்டியின் முதுகைத் திருப்புளியால் கழற்றி, உள்ளே இருந்ததை வாரியெடுத்துத் தைத்துவிட்டாள். பெட்டியைப் பழையபடி மூடியும் வைத்துவிட்டாள்.

இப்போது சொன்னால் மாஸ்டரின் கடைசிப் பெட்டியைக் கெடுத்தவள் என்று தூற்றுவார்கள். சொல்லாவிட்டால் பழி அவன் மேல் விழும். பெட்டி ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா, கரண்டாவது போய்த் தொலையாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேண்டாத நேரத்திலெல்லாம் போகிற கரண்ட், அன்றைக்கென்று குத்துக்கல்லாட்டம் அசையாமல் இருந்தது.

ஒவ்வொரு பெட்டியாகக் கேட்பதுதான் அவர்கள் வழக்கம். இடது பெட்டியில் பாடகியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி வந்தது. "ஆகா!" என்றார்கள். வலது பெட்டிக்கு ஒயரை மாற்றினார்கள். அதே பாட்டு, அதே குரல், கும்கும்மென்று முழங்கியது.

எல்லோரும் அசோக்குமாரைப் பார்த்தார்கள். தபால் ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். 'அவரு சரின்னா சரி' என்று அர்ச்சுனனே சொல்கிற மனிதர். அவர் பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார்.

ரஞ்சித்தான் குரலைத் தாழ்த்தினான். "கடைசியில மாஸ்டருக்குக் காது போய்ட்ச்சு போலக்குதுங்க."

பச்சையம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! அடுப்படி வாசலிலிருந்து கூடத்துக்குள் வந்துவிட்டாள்.

"இன்னாப்பா சொன்ன? யாருக்குக் காது போச்சு? வூட்டுக்குப் பின்னால எலி ஓடுனாக்கூட எழுந்து உக்கார்ற மனுசன்பா அவரு! நான்தான் பஞ்ச எடுத்தேன். அவரு தலைக்கு வெக்க வூட்ல வேற பஞ்சு இல்ல. அது அவரு கூடவே குழியில கீது. திட்றதுன்னா என்னத் திட்டுங்க. அவர ஒரு வார்த்த சொல்லாதீங்க!"

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். ரஞ்சித் தலையைக் குனிந்துகொண்டான். இனி வரப்போகிற பேச்சுக்குப் பயந்து அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அசோக்குமார் எழுந்து அவளருகே வந்தார். "எல்லாத்தையும் வெச்சியாம்மா?"

"துளி மீதி வெக்கலீங்க."

"தலைக்கு மெத்துனு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க," என்றாள்.

புருஷன் போனதிலிருந்து எத்தனையோ பேர் வந்து அவளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அவனுக்குச் சௌகரியமாக இருந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பச்சையம்மா தரையில் உட்கார்ந்து அந்த வலது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.